மண்டபமா, கோயிலா, வீட்டு வாசலா: கையிலிருக்கும் பணத்துக்குள் ஒரு கல்யாணம்

எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணங்கள் நடந்தன. அக்காவுக்கு 2016-இல், மதுரையில் ஒரு பெரிய மண்டபத்தில். தங்கைக்கு 2023-இல், திருப்பரங்குன்றம் முருகன் கோயிலில். அக்கா கல்யாணக் கடனின் கடைசித் தவணையை அப்பா கட்டியபோது அக்காவின் மகன் எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தான். தங்கை கல்யாணத்தின் கணக்கையோ அன்று சாயங்காலமே மூடிவிட்டோம். யாருக்கும் பாக்கி இல்லை. இடையில் உசிலம்பட்டிப் பக்கம் சித்தப்பா மகளின் கல்யாணத்தை வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடத்தினோம். என் நண்பன் ஒருவன் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டான். பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். நான்கு வழிகளையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில், வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது, கையில் நான்கைந்து லட்சத்துக்கு மேல் இல்லை என்று தூக்கம் கெட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தத் தொகையில் நகையைச் சேர்க்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த இடம் என்று பேசுவதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது. ஆட்களை எண்ணாதீர்கள், இலைகளை எண்ணுங்கள். 400 பேரை அழைக்கிறோம் என்பது பாதிச் செய்திதான். மண்டபத்தில் முதல் நாள் இரவுச் சாப்பாடு 350 இலை, மறுநாள் காலை டிபன் 250 இலை, முகூர்த்தச் சாப்பாடு 400 இலை என்றால் மொத்தம் 1,000 இலை. இலைக்குச் சராசரியாக 200 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம்; சாப்பாடு மட்டும் 2 லட்சம். கோயிலில் தாலி கட்டி, 100 பேருக்குக் காலை டிபனும் 150 பேருக்கு மதியச் சாப்பாடும் போட்டால் 250 இலை, 50,000 ரூபாய். அழைப்பு 400-இலிருந்து 150 ஆகும்போது ஆட்கள் பாதிக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைகிறார்கள், ஆனால் இலை நான்கில் ஒன்றாகிவிடுகிறது. முதல் நாள் இரவு என்ற ஒரு வேளை அப்படியே விழுந்துவிடுவதுதான் காரணம். அக்கா கல்யாணத்தின்போது இந்தக் கணக்கை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அப்பா ஐந்து வருடம் அப்படி உழைத்திருக்க வேண்டியதில்லை.

மண்டபம்

மண்டபத்தின் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையான நன்மை. வெளியூர் உறவினர்கள் இரவு தங்க அறை இருக்கிறது. கழிவறை இருக்கிறது. மழை வந்தாலும் கல்யாணம் நிற்காது. இரண்டு வீட்டாரும் ஒரே கூரையின் கீழ் ஓர் இரவும் ஒரு பகலும் சேர்ந்து இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் பின்னால் பல சண்டைகளைத் தடுக்கிறது. வயதானவர்கள் அதிகம் உள்ள குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மண்டபத்தின் வாடகை என்று சொல்லப்படும் தொகை வெறும் தொடக்கம். வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் வாடகை என்றால் அங்கேயே 18,000 கூடுகிறது. பிறகு மீட்டர் பார்த்து மின்கட்டணம், ஜெனரேட்டருக்கு டீசல், துப்புரவுக் கூலி, சமையல் எரிவாயு, காணாமல் போன பாத்திரத்துக்குப் பணம். சில மண்டபங்களில் அலங்காரமும் சமையலும் அவர்கள் சொல்லும் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்; அங்கே பேரம் பேச வழியே இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் இத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதும் என்று நாங்கள் நினைத்தோம். மதியம் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அப்பா அலுவலக அறையில் வாதாடிக்கொண்டிருந்தார். தன் மூத்த மகளின் கல்யாணச் சாப்பாட்டை அவர் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். மொய்ப் பையைத் திறந்துதான் மீதிப் பணத்தைக் கொடுத்தோம்.

இன்னொன்று, மண்டபத்தின் அளவே செலவை இழுக்கிறது. பெரிய மேடை என்றால் அதை நிரப்பப் பூ வேண்டும், விளக்கு வேண்டும். அறுநூறு நாற்காலி போட்ட கூடத்தில் இருநூறு பேர் உட்கார்ந்தால் வீட்டாருக்கே மனம் கேட்காது, அழைப்பிதழ் இன்னும் நூறு அடிக்கச் சொல்கிறது. மண்டபம்தான் வேண்டும் என்று முடிவானால் உங்கள் இலைக் கணக்குக்குச் சற்றுச் சிறியதாகவே பாருங்கள். மாநகராட்சி, ஊராட்சி சமுதாயக் கூடங்களையும் உங்கள் சமூகத்தாரின் சத்திரங்களையும் போய்ப் பார்க்காமல் தனியார் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். பல ஊர்களில் அவை நன்றாகவே இருக்கின்றன. வாடகை வெகுவாகக் குறைவு.

கோயில்

முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் நெருக்கித் தள்ளும். சென்னையில் வடபழனியும் அப்படித்தான். கோயிலுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் மண்டப வாடகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மாற்றுத்திறனாளி மணமக்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறநிலையத்துறை 2021-இல் அறிவித்தது. தாலி கட்டி முடிந்ததும் பக்கத்துத் தெருவிலேயே ஒரு சிறிய கூடத்தில் சாப்பாடு. கூடத்துக்கு அரைநாள் வாடகைதான்.

பணத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. கோயில் கல்யாணம் என்றால் யாரும் அளவைக் கேள்வி கேட்பதில்லை. "வேண்டுதல், சாமி சன்னதியில் நடத்துகிறோம்" என்ற ஒரு சொல்லில் பெரியவர்கள் அடங்கிவிடுகிறார்கள். மண்டபத்தில் 150 பேரை அழைத்தால் 'எங்களை விட்டுவிட்டார்கள்' என்று மனத்தாங்கல் வரும். கோயிலில் 150 பேரை அழைத்தால் வராது. எங்கள் தாய்மாமன் அக்கா கல்யாணத்தில் அழைப்பிதழில் பெயர் சிறிய எழுத்தில் வந்ததற்கே இரண்டு மாதம் பேசாமல் இருந்தவர். தங்கை கல்யாணத்தில் பத்துப் பேருக்குப் பதில் நான்கு பேரோடு வந்து, கடைசிப் பந்தியில் நின்று பரிமாறினார்.

சிரமங்களும் உண்டு. கோயிலில் பதிவு செய்ய இருவரின் வயதுச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, இது முதல் திருமணம் என்பதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்தச் சான்று கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து வாங்க வேண்டியது. கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது, ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். முகூர்த்த நாளில் உங்களுக்கு முன்னும் பின்னும் பல ஜோடிகள் காத்திருப்பார்கள். ஐயர் நிதானமாகச் சடங்கு செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. நலங்கு, காப்புக் கட்டு போன்றவற்றை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. புகைப்படம் பற்றி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யச் சொன்ன பிறகு கட்டுப்பாடு கூடியிருக்கிறது. கேமராவுக்கு எந்த இடம் வரை அனுமதி, தனிக் கட்டணம் உண்டா என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். கோயில் தரும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திருமணப் பதிவுக்கு அது வேண்டும்.

நடக்க முடியாத பாட்டியோ தாத்தாவோ இருந்தால் மட்டும் யோசியுங்கள். எங்கள் அப்பத்தாவைக் கூட்டத்துக்குள் நாற்காலியோடு தூக்கிப் போக வேண்டியிருந்தது. தாலி கட்டுவதை அவர் பார்த்துவிட்டார், ஆனால் அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டு வாசல்

கிராமத்தில் சொந்த வீடும் முன்னால் காலியிடமும் இருந்தால் இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை என்பார்கள். சித்தப்பா மகளின் கல்யாணத்தில் நான் பார்த்த வரையில் அது முழு உண்மை இல்லை. பந்தல், நாற்காலி, விளக்கு, ஒலிபெருக்கி, தண்ணீர் லாரி, பாத்திர வாடகை என்று தனித்தனியாகக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தபோது சிறிய கூடம் ஒன்றின் வாடகையை நெருங்கிவிட்டது. கழிவறை ஒன்றே ஒன்று. வெளியூரிலிருந்து வந்த பெண்கள் பட்ட பாட்டை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மழைக்குப் பயந்து தகரப் பந்தல் போட வேண்டும், அது துணிப் பந்தலைப் போல இரு மடங்கு ஆகும்.

எனக்கு மிகவும் மனத்தாங்கலான விஷயம் வேறு. வீட்டு வாசல் கல்யாணத்தில் மிச்சமாகும் பணத்தில் பெரும்பங்கு அந்த வீட்டுப் பெண்களின் கூலி. காய் நறுக்குவதும், மாவரைப்பதும், வந்தவர்களுக்குக் காபி போடுவதும் அவர்கள்தான். கெட்டிமேளம் கொட்டியபோது சித்தி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். தன் மகளுக்குத் தாலி ஏறுவதை ஒரு தாய் அப்படியா பார்க்க வேண்டும்? வாசல் கல்யாணம் என்று முடிவு செய்தால் சமையலுக்கும் பரிமாறுவதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் ஆள் வைத்துவிடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்த பிறகும் கட்டுப்படியானால்தான் அது உண்மையிலேயே மலிவு. ஊரே உறவாக இருந்து, முந்நூறு பேருக்குக் குறையாமல் அழைத்தே தீர வேண்டிய வீட்டுக்கு இது பொருந்தும். நகரத்தில் தெருவை அடைத்துப் பந்தல் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அனுமதி வாங்க அலைய வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை.

சுயமரியாதைத் திருமணம், பதிவுத் திருமணம்

இவை இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அது சட்டப்படி செல்லும். புரோகிதர் தேவையில்லை. இதற்கு ஊரறிய அறிவிக்கும் விழா கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது. பதிவு அலுவலகத்திலேயே நடத்தப்படும் திருமணம் 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் வருவது; 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். மதம் கடந்து மணப்பவர்களுக்கு அதுவே வழி.

என் நண்பனின் கல்யாணம் ஒரு சிறிய கூடத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிந்தது. இரண்டு பேர் வாழ்த்திப் பேசினார்கள், மாலை மாற்றினார்கள், எண்பது பேர் பிரியாணி சாப்பிட்டார்கள். முகூர்த்தம் பார்க்காததால் கூடமும் பூவும் மலிவு. இரு வீட்டாரும் மனமொத்தால் செலவில் இதற்கு ஈடு வேறில்லை. கொள்கையால் ஏற்றவர்களுக்கு இதைவிட நிறைவும் இல்லை. ஆனால் பணம் குறைவு என்பதற்காக மட்டும், நம்பிக்கையுள்ள பெற்றோரை இதற்குள் தள்ளாதீர்கள். அந்தக் குறை வருடக்கணக்காகப் பேசப்படும். அவர்களுக்குக் கோயில் இருக்கிறது.

எந்த வழியில் மணந்தாலும், 2009-ஆம் வருடத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் கேட்கும்போது அலைவதைவிட அந்த மாதமே முடித்துவிடுங்கள்.

மொய் நோட்டு

இந்த முடிவை உண்மையில் தீர்மானிப்பது வீட்டுப் பரணில் இருக்கும் மொய் நோட்டு என்பது என் எண்ணம். தென் மாவட்டங்களில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மதுரையில் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாண விருந்துக்குப் போகிறவர்கள் சாமிக்கே மொய் எழுதிவிட்டு வருகிறார்கள். புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் கல்யாணமே இல்லாமல், மொய்க்கென்றே ஆடியில் விருந்து வைக்கிறார்கள்.

நோட்டை எடுத்து இரண்டு பட்டியல் போடுங்கள். நீங்கள் செய்து, இன்னும் திரும்பாதவை ஒரு பக்கம். அவர்கள் செய்து, நீங்கள் திருப்ப வேண்டியவை மறுபக்கம். இருபத்தைந்து வருடமாக முந்நூறு வீட்டுக்கு மொய் செய்துவிட்டு, வீட்டின் முதல் கல்யாணத்தை 100 பேரோடு கோயிலில் முடித்தால், அந்தப் பணம் திரும்பும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். அந்தக் குடும்பத்துக்கு அளவான மண்டபமோ வாசல் பந்தலோதான் சரி. எங்கள் அப்பா செய்திருந்த மொய்யில் பெரும்பகுதி அக்கா கல்யாணத்தில் திரும்பிவிட்டது. அதனால் தங்கைக்குக் கோயிலைத் தேர்ந்தெடுத்ததில் எங்களுக்கு இழப்பு இல்லை. மாறாக, புதிதாக யாருக்கும் திருப்ப வேண்டிய பாரமும் ஏறவில்லை. முதல் கல்யாணத்துக்கும் இரண்டாவதுக்கும் ஒரே விடை கிடையாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் வரப்போகும் மொய்யை நம்பிக் கடன் வாங்காதீர்கள். மொய்யும் ஒரு கடன்தான். வட்டி இல்லை, ஆனால் எந்த நாளில் திருப்பிக் கேட்கப்படும் என்று தெரியாது. ஒரே வைகாசியில் ஏழு அழைப்பிதழ் வந்தால் ஏழும் அன்றே செய்தாக வேண்டும். வங்கிக் கடனின் கணக்கும் இதமானதாக இல்லை. 3 லட்சம் தனிநபர் கடனை 14 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத் தவணையில் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 6,980 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டியாக மட்டும் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு மேல் போயிருக்கும். அந்த வட்டியில் ஒரு கோயில் கல்யாணமே நடந்துவிடும்.

காண்ட்ராக்டா, மளிகை வாங்கிக் கொடுப்பதா

சமையலில் இரண்டு முறை. இலைக்கு இவ்வளவு என்று முழுவதையும் சமையல்காரரிடம் விடுவது ஒன்று. மளிகையும் காயும் நாம் வாங்கிக் கொடுத்து, அவருக்குக் கூலி மட்டும் தருவது மற்றொன்று. இரண்டாவதுதான் மலிவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். 300 இலைக்கு மேல் இருந்து, இரவு முழுவதும் சமையலறையில் உட்கார ஒரு பொறுப்பான சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் மட்டும் அது உண்மை. சமையல்காரர் தரும் பட்டியலில் நெய், முந்திரி, எண்ணெய் மூன்றும் தாராளமாக இருக்கும். பிரிக்காத பொட்டலங்களைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று மளிகைக் கடையில் முன்பே பேசிக்கொள்ளுங்கள்; பெரும்பாலான கடைக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். அரிசிக்கு ஒரு கணக்கு கையில் இருக்கட்டும்: ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். 150 பேர் சாப்பாட்டுக்கு 25 கிலோ மூட்டை எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

200 இலைக்குள் என்றால் காண்ட்ராக்ட்டே நல்லது. குறைந்தபட்ச இலை எத்தனை என்று அவர் கேட்பார். நீங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பத்துச் சதவீதம் குறைத்துச் சொல்லுங்கள். குறைவாகச் சாப்பிட்டாலும் சொன்ன எண்ணிக்கைக்குப் பணம் தர வேண்டும், கூடினால் கூடியதற்கு மட்டும் தரலாம். வாழையிலைக் கட்டைப் பந்திக்கு முன்னும் பின்னும் எண்ண ஒரு பையனை நிறுத்துங்கள். தங்கை கல்யாணத்தில் என் சித்தப்பா மகன் அந்த வேலையைச் செய்தான். நாங்கள் 140 சொல்லியிருந்தோம், 146 இலை போடப்பட்டது. சண்டை இல்லாமல் ஆறு இலைக்குப் பணம் கொடுத்தோம்.

பட்டியலைக் குறையுங்கள், ருசியைக் குறைக்காதீர்கள். சாதம், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அவியல், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், வடை, ஊறுகாய், பால் பாயசம். அவ்வளவுதான் போட்டோம். ஐஸ்கிரீமும் பீடாவும் பழக் கடையும் இல்லாததை யாரும் கேட்கவில்லை. அவியலை மட்டும் மூன்று பேர் விசாரித்தார்கள்.

நாள், பூ, பட்டு, நகை

தை பிறந்ததும் முதல் முகூர்த்தம் என்று ஆசைப்படாதீர்கள். பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து, மாட்டுத்தாவணிப் பூச் சந்தையில் விலை கிலோ ஆயிரங்களில் நிற்கும் நேரம் அது. அதே பூவை வெயில் காலத்தில் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு வாங்கலாம். தேய்பிறை முகூர்த்தத்தை ஏற்பவர்கள் என்றால் கூடமும் மேளமும் சுலபமாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால் இன்னும் சுலபம். ஒரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை: தாலியை முகூர்த்த நாளில் கோயிலில் கட்டிவிட்டு, வரவேற்பைச் சாதாரண நாளில் வைக்கலாம்.

பட்டுக்குக் காஞ்சிபுரத்தில் மட்டும் தேடாமல் ஆரணி, திருபுவனம் பட்டையும் பாருங்கள். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸில் வாங்கி வைத்துக்கொண்டால் தை, மாசிக் கல்யாணத்துக்கு ஆகிவிடும்.

நகையில் நான் சொல்வது கொஞ்சம்தான். செய்கூலியும் சேதாரமும் நகையோடு வீட்டுக்கு வருவதில்லை. விற்கும்போது அவை காற்றில் போகும். கல் பதித்த பெரிய ஆரத்துக்கும் எளிய சங்கிலிக்கும் சேதாரத்தில் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு எழுதிப் பாருங்கள், எது தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் இல்லாத தங்க நகையைக் கடைகள் விற்கக் கூடாது. அந்த எண்ணைப் பாருங்கள். மேடைக்கு நிறைய நகை வேண்டும் என்றால் கவரிங் இருக்கிறது. தங்கை தாலிச் சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும் தவிர மற்றதெல்லாம் கவரிங்தான் போட்டாள். புகைப்படத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை சவரன் போட்டால்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் கணக்குச் சொன்னால், அது 1961-ஆம் வருடச் சட்டம் தடை செய்த வரதட்சணை. அந்த இடத்தில் செலவைக் குறைப்பதைப் பற்றி யோசிக்காமல் அந்தச் சம்பந்தத்தைப் பற்றியே யோசியுங்கள்.

அரசு உதவி கிடைக்கக்கூடிய வீடுகள் அதைக் கேட்கத் தயங்கக் கூடாது. கணவரை இழந்த தாயின் மகளுக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திட்டம், பெற்றோர் இல்லாத பெண்ணுக்கு அன்னை தெரசா நினைவுத் திட்டம், சாதி கடந்து மணப்பவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டம், கணவரை இழந்த பெண்ணின் மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டம். தாலிக்கு 8 கிராம் தங்கமும், படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாயும் என்று வகுக்கப்பட்டவை இவை. வருமான வரம்பு, விண்ணப்பிக்க வேண்டிய காலம் ஆகியவற்றை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கல்யாணத்துக்கு முன்பே கேளுங்கள். நாள் கடந்தால் பயன் இல்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான பழைய தாலிக்குத் தங்கம் திட்டம் 2022-இல் கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறிவிட்டது. இன்னும் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அறநிலையத்துறையும் வசதியில்லாத ஜோடிகளுக்குக் கோயில்களில் கட்டணமின்றித் திருமணம் நடத்தி வைக்கிறது. பக்கத்துக் கோயில் செயல் அலுவலரிடம் கேட்கலாம்.

சம்பந்தி வீடு

மேலே சொன்னதெல்லாம் சம்பந்தி வீட்டார் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். கையில் நான்கைந்து லட்சம், வீட்டின் முதல் கல்யாணமும் இல்லை என்றால் என் ஓட்டு கோயிலுக்கும் சிறு கூடத்துக்கும்தான். ஆனால் அதைப் பெண் வீட்டார் வாய் திறந்து சொல்வதற்கு எவ்வளவு கூச்சம் இருக்கிறது என்பதை அப்பாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். மண்டபத்துக்கு வழி இல்லை என்று சொல்வது போல அவருக்குப் பட்டது.

நான் ஒரு யோசனை சொன்னேன். வசதி, வசதியின்மை என்று எதையும் பேச வேண்டாம். இலைக் கணக்கை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொண்டுபோவோம். மண்டபம் என்றால் இத்தனை இலை, கோயில் என்றால் இத்தனை இலை, மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்தில் பிள்ளைகளுக்கு வாடகை வீட்டு முன்பணமும் ஒரு பீரோவும் கட்டிலும் பாத்திரமும் வாங்கலாம். நிச்சயத்துக்கு முன்பே, வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்பே, அந்தத் தாளோடு அப்பாவும் அம்மாவும் நானும் போனோம். கொரோனா ஊரடங்கில் 50 பேரோடு கல்யாணம் செய்தார்களே, அவர்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

மாப்பிள்ளையின் அப்பா தாளை இரண்டு முறை படித்தார். எதுவும் பேசாமல் தன் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பேனா கேட்டார். 'மாப்பிள்ளை வீட்டார்: 80 இலை' என்று நாங்கள் எழுதியிருந்ததை அடித்து, பக்கத்தில் 60 என்று எழுதினார். "எங்கள் பக்கத்தில் வெளியூர் ஆட்கள் யாரும் இல்லை அண்ணா, இது போதும். பீரோவை மட்டும் நாங்கள் வாங்கிவிடுகிறோம்" என்றார். அம்மா அந்தத் தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.